சாவியைத் திருப்ப ஓர் ஆள்

பால் வண்டிக்காரன் மேல் எனக்குக் கோபம் இல்லை. தினமும் காலையில் இதை எனக்கு நானே ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன், கொஞ்சம் கொஞ்சமாக நம்பிக்கை வருகிறது. அவன் சாவியைத் தொடாமல் இருந்திருந்தால் கரண்ட் அளக்கிற என் பழைய முள் மீட்டர் இன்னும் உயிரோடு இருக்கும். மீட்டர் உயிரோடு இருந்தால் புது மீட்டர் வாங்க நான் கடைக்குப் போயிருக்க மாட்டேன். ஆனால் அவனை வண்டிக்குள் உட்காரச் சொன்னது நான்தான். பட்டறையில் இருந்த ஒரே நாற்காலியில் நான் காயப்போட்ட சட்டை கிடந்தது.

வண்டிகளுக்கு மின்சார வேலை பார்க்கிறவன் நான். விளக்கு எரியவில்லை, ஹாரன் கத்தவில்லை, காலையில் வண்டி எழுந்திருக்கவில்லை என்று வருவார்கள். கீழே பட்டறை, மேலே வீடு. பால் வண்டிக்கு இரண்டு சீக்கு. ஒருநாள் ஓட்டாமல் நிறுத்தினால் பேட்டரி காலியாகிவிடுகிறது. பேட்டரி நிறைந்திருக்கும்போதும் எஞ்சினைக் கிளப்புகிற ஸ்டார்ட்டர் முக்கி முனகித்தான் சுற்றுகிறது. முதல் சீக்கை முதலில் பார்ப்போம் என்று பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றி, கம்பிக்கும் முனைக்கும் நடுவில் மீட்டரைக் கோத்தேன். வண்டி சும்மா நிற்கும்போது எவ்வளவு கரண்ட் ஒழுகுகிறது என்று இப்படித்தான் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் யாரும் எதையும் தொடக்கூடாது, முக்கியமாகச் சாவியை. நெற்றி வியர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கினேன். திருப்பச் சொல்கிறேன் என்று நினைத்து, அந்த நல்லவன் சாவியைத் திருப்பிவிட்டான்.

ஸ்டார்ட்டர் இழுக்கிற கரண்ட் மொத்தமும் மீட்டர் வழியாகப் போகப் பார்த்தது. ஓர் ஆள் நுழைகிற சந்தில் ஊர்வலம் புகுந்த மாதிரிதான். சிவப்பு வயர் உருகி என் விரலில் ஒட்டியது, மீட்டருக்குள் ஏதோ பொசுங்கியது. பியூஸ் போய், மீட்டர் பிழைத்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பியூஸ் எப்போதோ போய்விட்டது. அது இருந்த இடத்தில் நான் ஒரு செம்புக் கம்பியை முறுக்கி வைத்திருந்தேன். ஊரார் வண்டியில் எவனாவது அப்படிச் செய்திருந்தால் அவனைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன்.

பால் வண்டிக்காரன் இறங்கி வந்து, வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டான். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்றேன். அப்படியானால் சரி என்றான்.

என் மனைவி உட்கார்ந்திருந்தால் இது நடந்திருக்காது. கல்யாணமான புதிதில் ஒருநாள் அவசரத்துக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். அன்றிலிருந்து சாவி அவள் பக்கம், மீட்டர் என் பக்கம். இந்த வேலையில் பாதிக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் பிரேக்கை மிதிக்க வேண்டும், இன்னொருவர் பின்னால் போய் விளக்கைப் பார்க்க வேண்டும். ஒருவர் சாவியைத் திருப்பும்போது இன்னொருவர் முள் எவ்வளவு தூரம் விழுகிறது என்று பார்க்க வேண்டும். “அடி” என்று நான் கத்தினால் திருப்புவாள், “விடு” என்று கத்தினால் விடுவாள். நான் சொல்லாமல் அவள் கை சாவியின் பக்கம் போகாது. நான் மறுபடி மறுபடி “அடி, அடி” என்று கத்துவதைக் கேட்டுத் தெருவில் போகிற புது ஆட்கள் நின்று எட்டிப் பார்ப்பார்கள். அவள் வண்டிக் கண்ணாடியை இறக்கி, வேலை நடக்கிறது, நீங்கள் போங்கள் என்று சொல்லி அனுப்புவாள்.

மகளுக்குப் பிரசவம் என்று போனாள். மகள் இருக்கும் ஊர் ரயிலில் ஒரு பகல் தூரம். அந்தக் குழந்தை இப்போது ஓடுகிறது, கதவைத் திறக்கிறது, போனில் என்னைத் தாத்தா என்று கூப்பிட்டுவிட்டு உடனே வைத்துவிடுகிறது. இவள் திரும்பவில்லை. சண்டை எதுவும் இல்லை. சண்டை என்றால் சமாதானம் என்று ஒன்று உண்டு, நான் அதையாவது செய்திருப்பேன். முதலில் குழந்தைக்குப் பல் முளைக்கட்டும் என்றாள், பிறகு மகள் வேலைக்குப் போகத் தொடங்கினாள், பிறகு காரணமே சொல்வதில்லை. எப்போது வருகிறாய் என்று கேட்டால் “பாப்போம்” என்பாள். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்குப் பயம். அதனால் கேட்பதையே விட்டுவிட்டேன்.

இப்போதெல்லாம் பிரேக் விளக்கைப் பார்க்க ஒரு கட்டையைப் பிரேக் பெடலுக்கும் இருக்கைக்கும் நடுவில் முட்டுக் கொடுத்துவிட்டுப் பின்னால் ஓடுகிறேன். பழைய வண்டிகளில் ஸ்டார்ட்டருக்கே தனியாக ஒரு கம்பி போட்டுச் சமாளிக்கலாம், புது வண்டிகளில் அந்த இடத்துக்குக் கையே போகாது. வண்டிக்காரர்களை உட்காரவைத்தால் ஒருவன் பேட்டரி சாகிறவரை சாவியை விடமாட்டான், இன்னொருவன் என்ன நடக்கிறது என்று பார்க்கத் தலையை வெளியே நீட்டுவான். சாப்பாட்டு வேளையிலும் ஷட்டரை இறக்குவதில்லை. யாராவது வழி கேட்டு நுழைந்தால்கூட அவர்களுக்கு வேண்டியதைவிட அதிகமாக வழி சொல்கிறேன். ஒருநாள் ஆளில்லாத வண்டியைப் பார்த்து “அடி” என்று கத்திவிட்டு, கத்தியதைக் கேட்டு நானே விறைத்து நின்றேன். சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மீட்டர் பொசுங்கிய மறுநாள் புதிது வாங்கப் போனேன். மின்சாரச் சாமான்கள் விற்கும் கடை, கல்லாவிலும் கவுண்டரிலும் ஒரே பெண். பேனா மூடியைக் கடித்துக்கொண்டே கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னது. அதன் வயர்களைத் தொட்டுப் பார்த்தேன், குளிரில் விறைத்த கொடி மாதிரி இருந்தன, நாலு தடவை மடித்தால் உள்ளே அறுந்துவிடும். வேண்டாம் என்றேன். ஆயிரம் வோல்ட் வரை பார்க்கலாம் என்று ஒன்றை ஏற்றிப் பேசினாள். என் வண்டிகளில் பன்னிரண்டு, மிஞ்சினால் இருபத்துநாலு, நான் என்ன மின்கம்பத்திலா ஏறப் போகிறேன் என்றேன். அவள் முகம் சுளிக்கவில்லை. அப்படியானால் உங்களுக்கு என்னதான் வேண்டும், அதைச் சொல்லுங்கள் என்றாள்.

சொன்னேன். பன்னிரண்டு வோல்ட்டைப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு எண் வரை ஒழுங்காகக் காட்ட வேண்டும். கம்பி அறுந்திருக்கிறதா என்று பார்க்கும்போது சத்தம் கொடுக்க வேண்டும், வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு எண்ணைப் பார்க்க முடியாது. பத்து ஆம்பியர் வரை தாங்க வேண்டும். எண்ணெய்க் கையோடு கீழே போட்டாலும் பிழைக்க வேண்டும். டயோடு பார்க்க வசதி இருந்தால் நல்லது, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டருக்கு ஆகும். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பத்து ஆம்பியர் ஓட்டைக்குள் நிஜமான பியூஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், சிலர் அதில் கம்பியைச் சுற்றி வைத்துக்கொண்டு பிறகு எங்களிடம் வந்து அழுவார்கள் என்றாள். சுட்டுக்கொண்ட விரலை நான் மெல்லச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

கடைசியில் இரண்டு மீட்டர் மிஞ்சின. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மஞ்சள் உறை, ஒரே மாதிரி வயர். இரண்டையும் என் பக்கம் தள்ளிவிட்டுக் கேட்டாள்.

“அண்ணே, நீங்க ஒரே ஆளா வேலை பாக்குறீங்களா, இல்ல கூட ஆள் இருக்கா?”

இதற்கும் மீட்டருக்கும் என்னம்மா சம்பந்தம் என்றேன். ஒன்றில் கூடுதலாக இருந்த ஒரு பொத்தானைக் காட்டினாள். அதை அழுத்திவிட்டு நீங்கள் போய்ச் சாவியைத் திருப்பலாம். வோல்ட் எவ்வளவு கீழே போனது, எவ்வளவு மேலே போனது என்று அது பிடித்து வைத்துக்கொள்ளும். திரும்பி வந்து ஆற அமரப் பார்த்துக்கொள்ளலாம். சாதாரண மீட்டரில் அந்த நேரத்தில் கண் அங்கேயே இருந்தாக வேண்டும், சாவிக்கு இன்னோர் ஆள் வேண்டும். கூட ஆள் இருந்தால் இந்தப் பொத்தான் தண்டம் என்றாள். வியாபாரத்துக்கு இப்படிப்பட்ட நேர்மை ஆகாது.

“என் வீட்டம்மா இருக்காங்க” என்றேன். வாயில் வந்துவிட்டது. வந்த பிறகு அதை விழுங்க மனமில்லை. அப்படியானால் சாதாரணமே போதும் என்று ஒன்றை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். இரும்மா, வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன் என்று போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

உள்ளதைச் சொல்கிறேன். மீட்டரைப் பற்றி எனக்கு யார் யோசனையும் வேண்டியதில்லை. நான் கேட்க நினைத்தது வேறு. நீ வருவாயா என்று கேட்டால் பாப்போம் என்பாள். எந்த மீட்டர் என்று கேட்டால் பாப்போம் என்று சொல்ல முடியாது. ஒன்று ஓர் ஆளுக்கு, மற்றது இரண்டு ஆளுக்கு. அவள் எதைச் சொல்கிறாளோ அதுதான் பதில். என்னைப் போன்ற கோழைக்கு இதைவிட நல்ல வழி கிடைக்காது என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

போன் மணி நான்கைந்து தடவை அடித்த பிறகு எடுத்தாள். பின்னால் குழந்தை ஒரு தட்டைத் தட்டிக்கொண்டிருந்தது. பழைய மீட்டர் செத்ததைச் சொன்னேன். கையில் சுட்டதா என்று கேட்டாள், மருந்து போட்டீர்களா என்று கேட்டாள். பியூஸ் இடத்தில் கம்பி வைக்காதீர்கள் என்று எத்தனை தடவை சொன்னேன் என்று ஒரு மூச்சுத் திட்டினாள். எனக்கு இனித்தது. பிறகு வயர் எப்படி, உத்தரவாதம் உண்டா என்று அவளுடைய வழக்கமான விசாரணை. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு மெதுவாக விஷயத்துக்கு வந்தேன்.

“ஒண்ணுல ஒரு ஆள் தனியாவே பாத்துக்கலாம். அளவைப் பிடிச்சு வெச்சுக்குமாம். இன்னொண்ணு சாதாரணம். சாவிக்கு ஒரு ஆள் வேணும். எதை வாங்கட்டும்?”

தட்டுச் சத்தம் நின்றுவிட்டது, குழந்தையிடமிருந்து பிடுங்கியிருப்பாள்.

“சாதாரணமே போதுங்க” என்றாள். “இனிமே எதுக்கு அது?”

சரி என்றேன். அவள் மனம் மாறுவதற்குள் போனை வைத்துவிட்டேன். கடைக்குள் போய்ச் சாதாரண மீட்டரை வாங்கினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பெண், வீட்டில் சரியென்று சொல்லிவிட்டார்களா என்றாள். சொல்லிவிட்டார்கள் என்றேன். கூடவே ஒரு பெட்டி பியூஸும் வாங்கிக்கொண்டேன்.

அந்த வாரம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மாடியைக் கூட்டினேன். படுக்கை விரிப்பை அலசிப் போட்டேன். அடுப்பு மேடையில் குவிந்திருந்த ஸ்குருக்களையும் ரிலேக்களையும் அள்ளிக் கீழே கொண்டுபோனேன், அவள் பார்த்தால் தொலைந்தேன். புது மீட்டரும் சமர்த்தாக இருந்தது. பால் வண்டியின் ஒழுக்கை அன்றைக்கே காட்டிக்கொடுத்தது. பின்கதவின் உள்விளக்கு, கதவைச் சாத்திய பிறகும் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. சுவிட்சை மாற்றினேன்.

இரண்டாவது சீக்கை மட்டும் தள்ளிப் போட்டேன். சாவியைத் திருப்பும்போது பேட்டரி எவ்வளவு இறங்குகிறது, தடிமனான கம்பிகளில் எதில் வோல்ட் தங்கிவிடுகிறது என்று பார்க்க வேண்டிய வேலை அது. பால் வண்டிக்காரன் நானே திருப்புகிறேன் என்று ஆசையாக முன்வந்தான். உன் கை இனி அந்தப் பக்கம் போகக்கூடாது, என் வீட்டம்மா வந்துவிடட்டும் என்றேன். எப்போது வருகிறார்கள் என்று கேட்டான். வந்துகொண்டே இருக்கிறார்கள் என்றேன். அவன் வேறு வண்டி பிடித்துப் பாலைக் கொண்டுபோனான், பாவம்.

எப்போதும் நான்தான் கூப்பிடுவேன். வாரக் கடைசியில் ஒரு மதியம் அவள் கூப்பிட்டாள். பால் வண்டியின் முன்மூடியைத் திறந்து வைத்துவிட்டுக் கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ரயில் நேரம் சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று, எண்ணெய்க் கையோடு எழுத ஒரு துண்டுச் சீட்டைக்கூடத் தேடினேன்.

குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. நான் அதை இரண்டு வருஷமாகக் கேட்டதில்லை. சின்ன அறையைக் காலி பண்ணியாயிற்று என்றாள். மாப்பிள்ளை தன் மேசையைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டார். ஜன்னல் உள்ள அறைதான், காலையில் வெளிச்சம் வரும். கட்டில் வேண்டுமா, தரையில் படுத்துக்கொள்வீர்களா என்று மகள் கேட்கச் சொன்னாளாம். பட்டறையை வாடகைக்கு விடுவதா, சாமான்களை யாருக்காவது கொடுப்பதா என்று முடிவு செய்தீர்களா என்று கேட்டாள். கையில் இருக்கிற வண்டிகளை முடித்துக் கொடுத்துவிட்டு வந்தால் போதும், அவசரமில்லை என்றாள்.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. யார் எங்கே வருவது என்று கேட்டேன்.

“நீங்கதாங்க. நீங்கதானே கேட்டீங்க, எதை வாங்கட்டும்னு. இருக்கிற நாலு வண்டியை முடிக்க சாதாரணமே போதும்னு சொன்னேன். இத்தனை நாளா பட்டறைதான் உயிருன்னு இருந்தவரு ‘இனிமே எதுக்கு’ன்னு நான் சொன்னதுக்கு உடனே சரின்னதும், மனசு இறங்கிட்டாருன்னு நெனச்சேன்.”

வண்டியின் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டேன். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. நானும் அன்றைக்கு அவளிடம் பொய் சொல்லவில்லை. அவளும் இத்தனை நாளாக என்னிடம் ஒரு கேள்வியைக் கேட்காமலே வைத்திருந்திருக்கிறாள். எப்போது வருகிறீர்கள் என்பதுதான் அது. என் வாயிலிருந்து ஒரு பாப்போம் வந்துவிடுமோ என்று அவளும் பயந்திருக்கிறாள்.

“நான் நீ வர்றேன்னு நெனச்சேன்” என்றேன். “சாவிக்கு நீ இருக்கேன்னு சொல்றதா நெனச்சேன். விரிப்பெல்லாம் துவைச்சுப் போட்டேன்.”

அவள் அழுகிறாளோ என்று நினைத்தேன், இல்லை. எங்கேயோ உட்கார்ந்தாள், நாற்காலி இழுபடும் சத்தம் வந்தது. முதல் தடவையாகச் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

“நீ வரவே மாட்டியா?”

“குழந்தைக்காகன்னு இவ்வளவு நாள் சொல்லிட்டிருந்தேங்க” என்றாள். “குழந்தைக்காக மட்டும் இல்ல. இங்க காலையில எழுந்தா இன்னைக்கு என்ன செய்யணும்னு நான் யோசிக்கிறேன். அங்க நீங்க எப்போ கூப்பிடுவீங்கன்னு காதைத் தீட்டிக்கிட்டே இருப்பேன். உங்க மேல கோபமெல்லாம் இல்ல. திரும்ப அப்படி உக்கார முடியும்னு தோணல. நீங்க வந்துடுங்களேன்.”

மகள் வீட்டை நினைத்துப் பார்த்தேன். ஒரு தடவை போய்ப் பத்து நாள் இருந்திருக்கிறேன். மாப்பிள்ளை தங்கமான பிள்ளை. கழிவறையில் ஒரு விளக்கு எரியவில்லை என்று ஸ்டூலைப் போட்டு ஏறினேன், பதறி ஓடிவந்து இறக்கிவிட்டார், ஆள் வருவான் மாமா என்றார். அவருடைய கார் கம்பெனிக் கார், முன்மூடியைத் திறக்கக்கூடாதாம். நாள் முழுக்கச் சோபாவில் உட்கார்ந்து என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன், யாரோ விருந்தாளியின் கைகளைப் போல இருந்தன. அந்தக் கைகளோடு ஜன்னல் உள்ள அறையில் இருந்தால் நான் அவள்மேல் எரிந்து விழுவேன், சாவி இல்லாமலேயே அவளை அடி, விடு என்று ஆட்டுவேன். அவளுக்குக் கிடைத்திருக்கும் காலையையும் கெடுப்பேன். இதையெல்லாம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. எதிரில் இருந்ததைத்தான் சொல்ல முடிந்தது.

“வண்டி ஒண்ணு திறந்து கிடக்கு” என்றேன்.

அது போதும் அவளுக்கு. இவ்வளவு வருஷம் என்னோடு இருந்தவள். என்ன வண்டி என்று கேட்டாள், சொன்னேன். ஸ்டார்ட்டர் முக்குகிறதா என்று கேட்டாள், ஆமாம் என்றேன். எஞ்சினிலிருந்து பேட்டரிக்கு வருகிற கறுப்புக் கம்பியைப் பார்த்தீர்களா, முனையில் உப்புப் பூத்திருக்கும் என்றாள். இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்றேன். போனை வைக்க இருவருக்கும் மனமில்லை. குழந்தை எழுந்துவிட்டது போலிருக்கிறது, உள்ளேயிருந்து கூப்பிட்டது. இதோ வருகிறேன் என்று அதனிடம் சொன்னாள். பிறகு போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

“அந்த மீட்டரைக் கொடுத்து மாத்திடுங்க. ஒரே ஆளுக்குன்னு கேட்டு வாங்குங்க.”

சரி என்றேன். பில் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன்.